பிரைடியும் மூன்றாவது நாற்காலியும்

பிரைடியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் அம்மாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும். வேறு வழியில்லை. பதினேழு வயது வரை பிரைடி என்று தனியாக ஒருத்தி இருப்பதாகவே எங்களுக்குத் தெரியாது. அம்மா லினெட் பேசுவாள், பக்கத்தில் பிரைடி உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான்.

நான் டாஸ்மேனியாவின் வடமேற்குக் கரையில் ஓர் ஆஸ்பத்திரியில், குழந்தைகளுக்கான சுரப்பிநோய்ப் பிரிவில் நர்ஸ். பிறந்தது சிதம்பரம். தில்லைநாயகி என்று நிறைவாகப் பெயர் வைத்துத்தான் அனுப்பினார்கள். இந்த ஊர்க்காரர்கள் எந்தப் பெயரையும் பாதியாக நறுக்காமல் வாயில் போடமாட்டார்கள், என்னை ‘டில்’ ஆக்கிவிட்டார்கள். இங்கே அந்தச் சொல்லுக்கு மக்கு என்று அர்த்தம். வந்த புதிதில் அதற்காக அழுதிருக்கிறேன். இப்போது பழகிவிட்டது. சில நாள் பொருத்தமாகவும் இருக்கிறது.

பிரைடிக்குப் பிறவியிலேயே அட்ரினல் சுரப்பி வேலை செய்யவில்லை. உடம்புக்கு ஓர் ஆபத்து என்றால் ஓடிவந்து முட்டுக்கொடுக்கிற ஸ்டீராய்டு அங்கிருந்துதான் வர வேண்டும். இவளுக்கு அது மாத்திரையில் வரும். வேளை தவறக்கூடாது. காய்ச்சல் வந்தால் மாத்திரையைக் கூட்ட வேண்டும். வாந்தியெடுத்து மாத்திரை உள்ளே நிற்கவில்லையென்றால் தொடையில் ஊசி போட வேண்டும், அதுவும் உடனே. தாமதித்தால் ரத்த அழுத்தம் சரிந்து, பேசிக்கொண்டிருக்கும்போதே ஆள் போய்விடும். சோர்ந்து படுத்திருக்கிறாள் என்று போர்வையைப் போர்த்திவிட்டு வருவோம், திரும்பிப் போய்ப் பார்த்தால் பிணம் கிடக்கும். பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

இதில் இந்த ஊர்ப் புத்தி வேறு. எப்படி இருக்கிறாய் என்று யாரைக் கேட்டாலும் ‘பரவாயில்லை’ என்பார்கள். வைக்கோல் கட்டும் எந்திரத்தில் கையை விட்டுக்கொண்டு ரத்தம் சொட்டச் சொட்ட வந்தவன் என்னிடம் பரவாயில்லை என்றான். பரவாயில்லை என்றால் நன்றாக இருக்கிறேன் என்றும் அர்த்தம், சாகப்போகிறேன் என்றும் அர்த்தம். முகத்தைப் பார்த்து நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிரைடியும் இந்த மண்ணில் முளைத்தவள்தானே? டாக்டர் என்ன கேட்டாலும் பரவாயில்லை என்பாள்.

லினெட் விடமாட்டாள். எங்கள் அறையில் மூன்று நாற்காலிகள் உண்டு. டாக்டருக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று, மூன்றாவது பச்சை ரெக்சின் கிழிந்த அம்மா நாற்காலி. அதில் சாய்ந்து உட்கார்ந்து, சிகரெட் இருமல் ஒன்று இருமிவிட்டு ஆரம்பிப்பாள்.

“இங்க பாரு டில், இவ பொய் சொல்றா. இவ ராத்திரியெல்லாம் புரண்டுக்கிட்டே இருக்கா. நேத்து உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டைக் கிழிச்சு உப்பை நக்கிக்கிட்டு நிக்கிறா. நாயைப் பாத்து எரிஞ்சு விழுறா. இவளுக்கு மாத்திரை பத்தல.”

‘இவ’, ‘இவளுக்கு’, ‘இவகிட்ட’. பிரைடி பக்கத்தில் உட்கார்ந்து பல் இளித்துக்கொண்டிருப்பாள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் லினெட் சொன்னது சரியாக இருக்கும்.

பதினைந்து வயதானதும் அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வைத்துவிட்டுப் பிள்ளையிடம் தனியாகப் பேசுவது எங்கள் வழக்கம். பிள்ளைகள் தங்கள் வாயால் சொல்லிப் பழக வேண்டுமே! லினெட்டை வெளியே அனுப்பினேன். டாக்டர் முதல் கேள்வி கேட்டதும் கதவுக்கு வெளியிலிருந்து பதில் வந்தது.

“இவ சொல்லமாட்டா! என்னைக் கேளுங்க!”

“வாயை மூடிக்கிட்டு உக்காரு லினெட்” என்று நான் உள்ளேயிருந்து கத்தினேன். பிரைடி விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசியில் அவளே போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

பதினெட்டு முடிந்தால் எங்களிடம் வர முடியாது. தாழ்வாரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரியவர்கள் பிரிவுக்குப் போக வேண்டும். எங்கள் கதவில் பென்குயின் வரைந்திருக்கும். எதிர்க்கதவு வெறும் சாம்பல் நிறம். நடுவில் பத்தடித் தரைதான். ஆனால் அந்தப் பத்தடியில் தொலைந்த பிள்ளைகள் உண்டு. எங்கள் கதவு வழியாகப் போவார்கள், கேக் வெட்டி, கட்டிப்பிடித்து அனுப்புவோம். எதிர்க்கதவுக்கு வந்து சேரமாட்டார்கள். இரண்டு பக்கத்தாரும் அவர்களை மற்றப் பக்கத்துப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டிருப்போம். பிறகு ஒருநாள் ஆம்புலன்ஸ்காரன் பெயரைச் சொல்லி, “இது உங்க பிள்ளையா?” என்று கேட்பான். 

பிரைடி எதிர்க்கதவுக்குப் போக வேண்டிய வருடத்தின் குளிர்காலத்தில் லினெட் செத்துப்போனாள். பால் கறக்கும் கொட்டகையில், கறந்துகொண்டிருக்கும்போதே தலையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. பிரைடியின் அப்பா எப்போதோ மேற்கே சுரங்க வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் ஆகிவிட்டவர். லினெட்டின் அண்ணன் மெர்வ்தான் பிரைடிக்கு மிச்சம். பண்ணையும் அவருடையதுதான். சவ அடக்கத்தன்று மழையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “எப்படிடி இருக்கே?” என்றேன்.

“பரவாயில்ல டில்” என்றாள். அழவில்லை. எனக்குத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அதற்கடுத்த தடவை மெர்வோடு எங்கள் பிரிவுக்கு வந்தாள். நான் மருந்து அலமாரிப் பக்கம் முதுகைக் காட்டி நின்றிருந்தேன். பின்னால் ஓர் இருமல்.

“இங்க பாரு டில், இவ சரியா சாப்பிடுறதில்ல.”

 லினெட்டின் குரல். அந்த இருமல், அந்தக் கரகரப்பு, ‘இவ’வில் அந்த அழுத்தம் கூடத் தப்பவில்லை. திரும்பினால் பச்சை நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்து நாற்காலியில் பிரைடி முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாருடி சாப்பிடுறதில்ல?”

“இவதான்” என்றாள் அதே குரலில். பிறகு தன் குரலில், “பரவாயில்ல டில்” என்றாள்.

மெர்வை வெளியே இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். அவர் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். நீளமாகப் பேசுகிற மனிதர் இல்லை.

“வீட்லயும் அப்படித்தான். உடம்பு சரியில்லாதப்ப மட்டும் வருது.”

“எது வருது?”

“லினெட்.” சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டார். “அந்தக் குரல் வந்தா நம்ம டஃபி இருக்கே, நாய்... நடையில படுத்திருக்கும். எந்திரிச்சு நகர்ந்து வழி விடுது. யாருக்கு விடுதுன்னு தெரியல.”

“பயமா இல்லையா?”

“தங்கச்சிதானே” என்றார்.

 அந்தக் குரல் ஒருநாளும் தப்பாகச் சொல்லவில்லை என்பது இன்னொரு கொடுமை. பிரைடியைக் கேட்டால் ‘பரவாயில்லை’ என்பாள். அந்தக் குரல் ‘இவ சரியில்ல’ என்றால் மறுநாள் காய்ச்சல் வரும். அவள் உடம்புக்குத் தெரிந்தது அந்த வழியாகப் பேசுகிறது என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் வீட்டுக்குக் காரோட்டிப் போகும்போது பின் இருக்கையைக் கண்ணாடியில் பார்க்காமலே ஓட்டுவேன்.

எதிர்க்கதவுக்குப் போகும் நாள் வந்தது. முதல் தடவை கூடவே போய் ஒப்படைப்பது என் வேலை. அந்தப் பக்க டாக்டர் ஹெஸ்டர் சின்ன வயது. கறாரான ஆள், ஆனால் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். அவள் அறையில் இரண்டே நாற்காலிகள். நான் சுவரோரம் நின்றுகொண்டேன். பிரைடி உள்ளே வந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் வெளியே போனாள். தரையில் கரகரவென்று சத்தம். காத்திருக்கும் இடத்திலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து தன் இடப்பக்கத்தில் போட்டாள். நான் உட்காரத்தான் போலிருக்கிறது என்று ஹெஸ்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் உட்காரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், யாராவது காசு கொடுத்திருந்தாலும் அதில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

“எப்படி இருக்கே பிரைடி?”

“பரவாயில்ல.”

“மாத்திரையெல்லாம் சரியா போடுறியா?”

பிரைடி காலி நாற்காலியின் பக்கம் திரும்பினாள். யாரோ சொல்வதைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். பிறகு இருமினாள்.

“மத்தியான மாத்திரையை இவ மறந்துடுறா டாக்டர். வேலைக்குப் போற எடத்துல யாராவது பாத்துடுவாங்கன்னு இவளுக்குக் கூச்சம்.”

 ஹெஸ்டர் பேனாவை மேசைமேல் வைத்தாள்.

“யாரைச் சொல்றே?”

“இவளை.”

ஹெஸ்டர் அவசரப்படவில்லை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எல்லாவற்றையும் கேட்டு முடித்து, மனநல டாக்டரிடம் ஒரு சந்திப்புக்கும் எழுதிக் கொடுத்தாள். அவளையே ஊசி மருந்தைக் கலக்கச் சொல்லி, ஓர் ஆரஞ்சுப் பழத்தில் குத்திக் காட்டச் சொன்னாள். பிரைடியின் கை அழகாகச் செய்தது, வாய்தான் திறக்கவில்லை. கிளம்பும்போது ஹெஸ்டர், “அடுத்த தடவை இங்க ரெண்டு நாற்காலிதான் இருக்கும் பிரைடி. நான் உன்னை மட்டும்தான் கேப்பேன்” என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரைடியை அனுப்பிவிட்டு எகிறினேன்.

“அந்தப் பிள்ளைக்குத் தாயில்ல. ஒரு நாற்காலியில உனக்கு என்ன போச்சு?”

“டில், நாளைக்கு அவ ரோட்டுல விழுந்தா ஆம்புலன்ஸ்காரன் என்ன ஆச்சுன்னு கேப்பான். ‘இவளுக்கு ஊசி வேணும்’னு சொன்னா, எவளுக்குன்னு தேடுவான். தேடி முடிக்கிறதுக்குள்ள அவ போயிடுவா.”

“அதுக்காக?”

“அதுக்காகத்தான்” என்றாள். அந்தக் கல்லுளிமங்கியோடு இரண்டு வாரம் பேசவில்லை நான்.

வசந்தகாலத் தொடக்கம். மூடுபனி மத்தியானம் ஆகியும் விலகவில்லை. ஹெஸ்டர் எங்கள் பக்கம் வந்திருந்தாள். நல்ல பிஸ்கட் எப்போதும் எங்கள் பக்கம்தான் இருக்கும், அதற்காகச் சமாதானமாகிவிட்டிருந்தாள். என் மேசைப் போன் அடித்தது.

“இங்க பாரு டில், இவ சரியில்ல.”

“லினெட்” என்று வாயிலிருந்து வந்துவிட்டது. செத்தவள் பெயரைச் சொல்லிவிட்டேனே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பக்கம், கூப்பிட்ட பெயர் சரிதான் என்பதுபோல் மேலே பேசியது.

“காலையில இருந்து வாந்தி. மாத்திரை நிக்கல. உதடு சாம்பலா போச்சு. கேட்டா பரவாயில்லங்கிறா. பொய் சொல்றா.”

“மெர்வ் எங்க?”

“மாட்டு ஏலத்துக்குப் போயிருக்கான். வீட்ல யாருமில்ல.”

போனை ஒலிபெருக்கியில் போட்டேன். ஹெஸ்டர் கேட்ட உடனே அடுத்த போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு விலாசம் சொன்னாள். பனியில் அந்த மலைச் சாலையில் வர முக்கால் மணி நேரமாவது ஆகும் என்று சைகை காட்டினாள். அவ்வளவு நேரம் பிரைடி தாங்கமாட்டாள். எங்கள் இருவருக்கும் அது தெரியும்.

“ஊசி இருக்கா?”

“ஃப்ரிட்ஜ் மேல. எப்பவும் வைக்கிற எடத்துலதான்.”

“எடுத்துப் போடு. உடனே போடு.”

 ஓர் இருமல் மட்டும் வந்தது, நனைந்த இருமல்.

“என்னால முடியாது டில்.”

“ஏன் முடியாது? இத்தனை வருஷம் போட்டவ நீதானே!” நான் கத்திக்கொண்டிருந்தேன்.

“நான்தான் செத்துட்டேனே.”

 அந்தப் பக்கத்தில் எங்கேயோ டஃபி முனகியது. ஹெஸ்டரின் கை என் தோளை அழுத்திப் பிடித்தது.  அவள் என் காதில், “போனை அவகிட்ட குடுக்கச் சொல்லு” என்றாள்.

அதைச் சொல்ல எனக்கு மனசே வரவில்லை. லினெட் எனக்குச் சிநேகிதி. இந்த ஊரில் என்னை முதன்முதலில் வீட்டுக்குக் கூப்பிட்டு ஸ்காலப் பை என்கிற சிப்பிக்கறிப் பண்டத்தைச் சூடாக்கித் தந்தவள். அவள் குரலை இன்னொரு தரம் கேட்க முடிகிறதே என்று ஒரு மூலையில் சந்தோஷமாகக்கூட இருந்தது, பாவி எனக்கு.

“லினெட்” என்றேன். “போனை அவகிட்ட குடு.”

“இவளுக்குத் தெரியாது டில்.”

“தெரியும். நீ போடுறதைப் பாத்துத்தானே வளர்ந்தா? ஆரஞ்சுல போட்டாளே, நானே பாத்தேன்.”

“நான் குடுத்துட்டா அப்புறம்...”

“எனக்குப் புரியுது. குடுத்துடு கண்ணு. பிள்ளை செத்துடுவா.”

 பிறகு மரத்தரையில் நாயின் நகங்கள் உரசும் ஒலி. படுத்திருந்தது எழுந்து, நகர்ந்து, மறுபடி உட்கார்ந்த மாதிரி இருந்தது. யாரோ நடையைக் கடந்து போவதற்கு ஆகிற நேரம் கழிந்தது.

“டில்?”

மெல்லிசான குரல். இத்தனை வருடத்தில் நான் சரியாகக் கேட்டேயிராத குரல்.

“யாரு பேசுறது?”

“நான்.”

“நான்னா யாரு?”

“பிரைடி.” விம்மல். “எனக்கு ரொம்ப முடியல டில். எனக்குக் கண்ணு இருட்டுது.”

அதற்குமேல் ஹெஸ்டர் பேசினாள். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி, செய்ய வைத்தாள். குப்பியின் தலையை அமுக்கிட்டேன், குலுக்கிட்டேன், இழுத்துட்டேன் என்று அந்தக் குரல் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னது. தொடையில் குத்தும்போது “அம்மா” என்று கத்தியது. எந்தப் பதிலும் வரவில்லை. ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்தபோது நாயைக் கட்டிக்கொண்டு சமையலறைத் தரையில் கிடந்தாளாம். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, எனக்கு அட்ரினல் வேலை செய்யாது, ஊசி போட்டுக்கிட்டேன், சொட்டு மருந்து ஏத்துங்க என்று தெளிவாகச் சொன்னாளாம். அந்த ஆம்புலன்ஸ்காரன் என்னிடம் யாருடைய பிள்ளை என்று கேட்கவில்லை. அவளே சொல்லியிருந்தாள்.

வார்டில் போய்ப் பார்த்தேன். உதட்டில் நிறம் வந்திருந்தது. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“டில், அவ வரமாட்டேங்கிறா.”

“யாருடி?”

“நானும் கூப்பிட்டுப் பாத்துட்டேன். ‘இவ’ன்னு ஆரம்பிச்சா என் குரல்தான் வருது. இருமினாகூட என் இருமலா இருக்கு.”

 உயிரோடு இருக்கிறாயே என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல நான் அவ்வளவு பெரிய டில் இல்லை. போனைக் கொடு என்று சொன்னது நான்தானே. மெர்வ் கட்டில் கால்மாட்டில் தொப்பியை உருட்டிக்கொண்டு நின்றார். டஃபி நடையின் குறுக்கே இப்போது கால் நீட்டிப் படுத்துக்கிடக்கிறது, மிதித்தாலும் நகரமாட்டேன் என்கிறது என்றார்.

அடுத்த மாதம் ஹெஸ்டரிடம் போக வேண்டும். கதவு வரைக்கும் வா என்றாள் பிரைடி, போனேன். அவள் காத்திருக்கும் இடத்து நாற்காலிகளை ஒரு தரம் பார்த்தாள். எதையும் இழுக்கவில்லை. உள்ளே போனாள். கதவை அவள் சரியாகச் சாத்தவில்லை, நானும் சாத்தவில்லை. இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே ஒட்டுக்கேட்டேன். ஆமாம், கேட்டேன்தான், என்ன செய்துவிடுவார்கள்?

“எப்படி இருக்கே பிரைடி?”

“பரவா...”

நின்றுவிட்டாள். இடப்பக்கம் திரும்பினாள். அங்கே சுவரும், கை கழுவச் சொல்லும் படமும்தான் இருந்தன. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெஸ்டர் காத்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை. பிரைடி திரும்பி நேராக உட்கார்ந்தாள்.

“இல்ல டாக்டர். நான் நல்லா இல்ல.”

“என்ன பண்ணுது?”

“எங்கம்மா செத்துப்போயிட்டா” என்றாள் பிரைடி.